பதவி இல்லாத இடத்தில் தெரியும் தலைமைத்துவம்

கொழும்பில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் பலரிடம் ஒரு கவலையைக் கேட்கிறேன். "பிள்ளை நல்லாப் படிக்குது, ஆனா தலைமைத்துவம் இருக்கிற மாதிரித் தெரியேல்ல." எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் மூன்று விடயங்கள் வரும்: மாணவத் தலைவர் சின்னம் கிடைக்கவில்லை, மேடையில் பேசக் கூச்சப்படுகிறது, விளையாட்டு அணிக்குத் தலைவராக வரவில்லை. வேலைத்தலங்களிலும் இதே அளவுகோல்தான். மேற்பார்வையாளர் ஒருவரைத் தெரிவு செய்யவேண்டி வந்தால், கூட்டத்தில் சத்தமாகக் கதைப்பவர் மீதுதான் முதலாளியின் கண் போகிறது.

இந்த அளவுகோலால் நல்ல தலைவர்கள் பலர் கண்ணில் படாமலே போகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முதலில் இரண்டு வகைத் தலைமையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, நியமனக் கடிதத்தோடு வருவது: அதிபர், முகாமையாளர், சங்கத் தலைவர். மற்றது, யாரும் நியமிக்காமலே சுற்றி நிற்பவர்கள் ஒருவருக்குக் கொடுப்பது. ஒருவர் ஒரு வேலையைத் தொடங்குகிறார், பக்கத்தில் நின்றவர்களும் வந்து கை கொடுக்கிறார்கள், வேலை நடக்கிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் இயல்பான தலைமைத்துவம் என்கிறோம். அது மேடையில் தெரிவதைவிட அன்றாடப் பழக்கங்களில்தான் அதிகம் தெரியும். அதிலும், யாருடைய பொறுப்பும் அல்லாத வேலை ஒன்று நடுவில் கிடக்கும்போது மிகத் தெளிவாகத் தெரியும்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற எல்லோரும் இதைக் கண்ணால் கண்டிருப்பீர்கள். ஜூலையில் பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை வருவதற்கு முந்தைய வாரங்கள். காலி வீதி ஓரமாக ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் காருமாக நின்ற வரிசை, வெள்ளவத்தை லேன்களுக்குள் வளைந்து போகும். பவுசர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. நடுவில் யாராவது புகுந்தால் அடிதடி. நான் நின்ற ஒரு வரிசையில், ஓட்டோ ஓட்டும் ஒருவர் முன்னால் இருந்த கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். முதல் வண்டியிலிருந்து தொடங்கி வண்டி இலக்கம், சாரதியின் பெயர் என்று எழுதிக்கொண்டே வந்தார். சிங்களவரிடம் சிங்களத்திலும் எங்களிடம் தமிழிலும் கேட்டார். தன் வண்டி வந்தபோது தன் பெயரையும் அதே வரிசைப்படி, அதே இடத்தில் எழுதிக்கொண்டார். பிறகு கடதாசியைக் கிழித்து ஆளுக்கொரு இலக்கம் போட்டுக் கொடுத்து, "வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு வாங்க, இடம் போகாது" என்றார்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின் நடந்தது. கொப்பியை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதடவை வேறொருவர் கையில் கொடுத்தார். ஒரு தடவை கொப்பி ஒரு பல்கலைக்கழகப் பையனிடம் இருந்தது. இன்னொரு தடவை காரில் வந்திருந்த ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் இருந்தது. யார் கையில் இருந்தாலும் கொப்பியில் உள்ளதுதான் சட்டம். அந்த மனிதருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? யாரும் இல்லை. ஆனால் தகராறு ஒன்றை விசாரிக்க வந்த பொலிஸ்காரரும் "கொப்பி யாரிடம்?" என்றுதான் கேட்டார்.

அந்த வரிசையில் படித்தவர்கள் இருந்தார்கள், பெரிய பதவியில் உள்ளவர்களும் இருந்தார்கள். ஏன் வேறு யாரும் கொப்பி வாங்கவில்லை? சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. கூட்டமாக இருக்கும்போது மனித மனம் வேலை செய்யும் விதமே அப்படி.

1968 இல் பிப் லட்டானே, ஜோன் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. ஓர் அறையில் மாணவர்களை உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருந்த துவாரம் வழியாக அறைக்குள் புகை வரும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதமானோர் எழுந்து போய் அறிவித்தார்கள். ஒன்றும் தெரியாத மூவரை ஒன்றாக இருத்தியபோது, அப்படியான குழுக்களில் 38 சதவீதத்தில் மட்டும்தான் யாராவது ஒருவராவது எழுந்து போனார். அலட்டிக்கொள்ளாமல் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இருவருக்கு நடுவில் ஒருவரை இருத்தினால், எழுந்து போனவர்கள் வெறும் 10 சதவீதம். புகை கண்ணை மறைத்தும் மற்றவர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

காரணம் இரண்டு. பக்கத்தில் இருப்பவர் பதறாமல் இருப்பதைப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நாங்களும் நினைக்கிறோம். அப்புறம், இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று பொறுப்பு ஆளாளுக்குப் பங்காகி, கடைசியில் ஒருவர் கையிலும் இல்லாமல் போகிறது. முதலில் எழும்புகிற அந்த ஒருவர் செய்யும் பெரிய உதவி, மற்றவர்களின் தயக்கத்தை உடைப்பது. தொடர்மாடியில் லிஃப்ட் பழுதானால் ஐந்தாம் மாடிப் பாட்டிக்குத் தண்ணீர்ப் போத்தல் யார் கொண்டுபோவது, வகுப்பில் ரீச்சர் வராவிட்டால் அலுவலகத்துக்குப் போய் யார் சொல்வது என்ற மாதிரிச் சின்ன விடயங்களில் எப்போதும் ஒரே ஆள் முதலில் எழும்புகிறாரா என்று கவனியுங்கள்.

எழும்பினால் மட்டும் போதாது, மற்றவர்களையும் எழுப்பவேண்டும். அதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள்.

100 இலக்க பஸ்ஸில் வெயில் நேரம் ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வையுங்கள். "யாராவது தண்ணி குடுங்கோ!" என்று ஒருவர் கத்துகிறார். பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்: "நீலச் சேர்ட் போட்ட தம்பி, உங்கட போத்தலத் தாங்கோ. அக்கா, அந்த ஜன்னலைத் திறவுங்கோ. அண்ணா, நீங்கள் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, வெள்ளவத்தைச் சந்தி எண்டு சொல்லுங்கோ." மூன்று பேரும் உடனே அசைகிறார்கள். தண்ணி கேட்ட இருவருக்குமே நல்ல மனசுதான். ஆனால் இரண்டாமவர் பொறுப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு குறிப்பிட்ட ஆளின் கையில் கொடுத்துவிட்டார். முதலுதவிப் பயிற்சியிலும் இதைத்தான் பழக்குகிறார்கள்: கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதே, ஒரு ஆளைச் சுட்டிச் சொல். அன்னதானப் பந்தியில், கலியாண வீட்டில், வெள்ளத்துக்குச் சாப்பாட்டுப் பொதி கட்டும் இடத்தில் இப்படி ஆள் பார்த்து வேலை கொடுக்கத் தெரிந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2016 மே மாதம் களனி ஆறு பெருகி கொலன்னாவைப் பக்கம் மூழ்கியபோது, சமைக்க வந்த கூட்டம் எல்லா இடத்திலும் இருந்தது. பொதிகள் நேரத்துக்குப் போக, யார் சோறு, யார் கறி, யார் வாகனம் என்று பிரித்துச் சொல்லும் ஒருவர் வேண்டும். அவரை யாரும் தெரிவு செய்திருக்கமாட்டார்கள்.

சத்தமும் தலைமையும்

கூட்டத்தில் அதிகம் கதைப்பவரைத் தலைவராக நினைக்கும் பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2020 இல் வெளியான ஒரு ஆய்வில், முன்பின் தெரியாதவர்களைச் சிறு குழுக்களாக்கி ஒரு வேலையைக் கொடுத்தார்கள். முடிந்த பிறகு, உங்கள் குழுவில் தலைவராக வெளிப்பட்டவர் யார் என்று கேட்டார்கள். யார் அதிக நேரம் பேசினாரோ அவருக்கே அதிக வாக்கு விழுந்தது. அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இது மாறவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: ஆண் என்ற காரணத்துக்காகவே ஆண்களுக்குச் சராசரியாக ஒரு வாக்கு அதிகமாகக் கிடைத்தது.

இதை வாசித்ததும் எனக்கு எங்கள் தொடர்மாடிக் கூட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. தண்ணீர் மோட்டர் எரிந்துபோய், ஒவ்வொரு வீடும் எவ்வளவு காசு போடுவது என்று முடிவெடுக்க எல்லோரையும் கீழே வாகனத் தரிப்பிடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்கள் மாறி மாறிக் கதைத்தார்கள். புது மோட்டர் வாங்குவதா, பழையதைச் சுற்றி எடுப்பதா என்று ஒரு மணித்தியாலம் போனது. மூன்றாம் மாடி அன்ரி ஒருவர் பின்னால் கதிரையில் இருந்தார். ஒரு இடைவெளியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "தர்மகர்த்தா அண்ணா, நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. உங்கட கடையில மோட்டர் விக்கிறீங்கள்தானே, என்ன செய்யலாம்?" கோவிலில் தர்மகர்த்தாவாக இருப்பதால் எல்லோரும் அப்படிக் கூப்பிடும் அந்த மனிதர் அதுவரை வாயே திறக்கவில்லை. அவர் எழுந்து, மோட்டர் எரிந்ததற்குக் காரணம் நிலத்தடித் தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டதுதான், அதைத் திருத்தாமல் எந்த மோட்டரைப் போட்டாலும் திரும்ப எரியும் என்று விளக்கினார். பத்து நிமிடத்தில் முடிவு வந்தது.

அந்த அன்ரிக்கு மோட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. யாருக்குத் தெரியும் என்பது தெரியும். கதைக்காமல் இருப்பவரைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. இயல்பான தலைவர்களை அடையாளம் காண எனக்கு ஒரேயொரு பழக்கத்தைத் தெரிவு செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அடுத்த கூட்டத்தில் யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டு, யார் கேட்கிறார்கள், யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

கெட்ட செய்தி யாரிடம் போகிறது

புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம். ஒரு பையன் ஆறு மீற்றர் வெட்டவேண்டிய இடத்தில் ஐந்தாக வெட்டிவிட்டான். முதலாளியிடம் சொன்னால் ஏச்சு விழும். ஒளித்துவைத்தால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார், கடையின் பெயர் கெடும். பையன் என்ன செய்வான்? பெரும்பாலும் கடையில் ஒரு அண்ணாவிடமோ அக்காவிடமோ போய்க் காதோடு சொல்வான். அவர் பையனை ஏசாமல், "சரி, முதல்ல அந்தப் பொதியைக் கட்டாமல் நிப்பாட்டு. அதே துணியில இன்னொரு ரோல் மேல இருக்கு, எடுத்துக்கொண்டு வா. முதலாளியிட்ட நானும் வாறன்" என்பார். விற்பனையாளர், உதவியாளர், கணக்காளர் என்று அவருக்கு என்ன பெயர் இருந்தாலும், அந்தக் கடையின் தலைவர் அவர்தான்.

இதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் 1990 களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்து வேலை செய்யும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான கணக்கோ தலைகீழாக இருந்தது: அந்தக் குழுக்களிலேயே பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. தேடிப் பார்த்தபோது, அவர்கள் அதிகம் பிழை விட்டார்கள் என்பதைவிட, விட்ட பிழையை வெளியில் சொல்லப் பயப்படவில்லை என்பதுதான் விளக்கமாகத் தெரிந்தது. பொறுப்புத் தாதி ஏசாமல் கேட்கும் இடத்தில் பிழை மேலே வருகிறது, திருத்தப்படுகிறது. மற்ற இடத்தில் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

ஆகவே கெட்ட செய்தியைக் கேட்கும்போது ஒருவருடைய முகம் எப்படி மாறுகிறது என்பது சின்ன விடயம் இல்லை. பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம். கணிதத்தில் குறைந்த புள்ளி வாங்கிய சிநேகிதி அதை முதலில் உங்கள் மகளிடம்தான் சொல்கிறாள் என்றால், அந்த மகளுக்குச் சின்னம் கிடைக்காததைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன்.

சொன்ன நேரத்துக்கு வருவது, வாங்கிய கொப்பியைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது, மற்றவர் செய்ததை அவர் பெயர் சொல்லிச் சொல்வது ஆகியவையும் இதே குடும்பம்தான். இவற்றுக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. நம்பமுடியாதவரின் பின்னால் ஆட்கள் இரண்டாம் தடவை போகமாட்டார்கள்.

இன்னொரு பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்பவரைச் சிறந்த தலைவர் என்று நினைக்கிறோம். கணக்குப் பகுதியில் ஒரு அண்ணா இருப்பார். வங்கி வேலை, வரிப் படிவம், களஞ்சியத் திறப்பு எல்லாம் அவர்தான். அவர் ஒரு நாள் லீவு எடுத்தால் அலுவலகம் அசையாது. நல்ல உழைப்பாளி, சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குப் பக்கத்து மேசையில் நாலு வருடமாக இருக்கும் தங்கச்சிக்கு அந்த வேலைகளில் ஒன்றுகூடத் தெரியாது.

1930 களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கேர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் பத்து வயதளவான சிறுவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பாடசாலை முடிந்த பிறகு சிறுவர்கள் குழுக்களாக முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைச் செய்வார்கள். சில நேரம் குழுவுக்குப் பொறுப்பான பெரியவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிடுவார். சில நேரம் பிள்ளைகளோடு கலந்து பேசி முடிவெடுப்பார். சில நேரம் ஒன்றிலும் தலையிடாமல் விட்டுவிடுவார். கட்டளையிடுபவர் அறையில் இருந்தபோது வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் பெரும்பாலும் விழுந்துவிட்டது. கலந்து பேசி நடந்த குழுக்களில், பெரியவர் வெளியே போன பிறகும் வேலை அதே மாதிரித் தொடர்ந்தது. தலையிடாமல் விட்டவரின் குழுக்களில் வேலை அவ்வளவாக நடக்கவேயில்லை. பிள்ளைகளின் சுதந்திரம் என்று சொல்லி எல்லாவற்றையும் கைவிடுபவர்கள் அந்தக் கடைசி வரியையும் கவனிக்கவேண்டும்.

பெற்றோல் வரிசையில் அந்த ஓட்டோக்காரர் கொப்பியைக் கைமாற்றியதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்தது இதனால்தான். தான் இல்லாமலும் நடக்கும்படி ஒரு வேலையைப் பழக்கிவிடுவது கடினம். தன் முக்கியத்துவம் குறைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும்.

பிறப்பிலேயே வருவதா?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஒத்த இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்டு ரிச்சர்ட் ஆர்வியும் சகாக்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், யார் தலைமைப் பொறுப்புகளுக்கு வருகிறார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதத்தை மரபணுவோடு தொடர்புபடுத்தலாம் என்று கண்டார்கள். உங்கள் பிள்ளையின் தலைமைத்துவத்தில் 30 சதவீதம் இரத்தத்தில் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் உள்ளவர்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. மிச்சம் பெரும்பகுதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைத்த அனுபவமும் சந்தர்ப்பமும்.

சந்தர்ப்பம் என்பதை நாங்கள் குறைத்து எடைபோடுகிறோம். 1948 இலேயே ரால்ஃப் ஸ்டொக்டில் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, சில குணங்கள் இருப்பதால் மட்டும் ஒருவர் தலைவராகிவிடுவதில்லை, அந்த இடத்தின் தேவையோடு அவருடைய குணம் பொருந்தவேண்டும் என்று காட்டினார். கிரிக்கெட் மைதானத்தில் அதிரும் பையன் ஆடிவேல் நாளில் தண்ணீர்ப் பந்தலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அதே பந்தலில் வெற்றுக் குவளை, நிரம்பிய குவளை என்று இரண்டு மேசையாகப் பிரித்து, இருபது பேரை வேலை வாங்கலாம்.

இதில் கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு விசேடம் உண்டு. வீட்டில் அப்பம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ சிங்களம் வராது. பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்ப, மருந்துக் கடையில் கேட்க, பஸ்ஸில் இடம் சொல்ல பத்து வயதிலேயே பிள்ளைதான் துணைக்குப் போகும். வரிசையில் பின்னால் நிற்கும் தெரியாத அம்மா ஒருவரின் படிவத்தையும் அது பார்த்துக் கொடுக்கும். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று, இரண்டு பக்கத்தின் பொறுமையையும் காப்பாற்றி, ஒரு வேலையை முடித்துவைப்பது சாதாரண திறமை அல்ல. வீட்டில் அதை "உதவி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். முக்கியமாகப் பெண் பிள்ளைகள் செய்யும்போது.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மேற்பார்வையாளரைத் தேடுகிறீர்கள் என்றால், கடைசியாகச் சேர்ந்த ஆட்கள் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, முதல் கிழமையில் தெரியாததை யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று விசாரியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவருக்கு முதலில் ஒரு சின்னப் பொறுப்பைக் கொடுங்கள். லீவு அட்டவணை போடுவது, சீசனுக்குச் சரக்கு இறக்குவது மாதிரி ஒன்று போதும். அது அவருடைய பொறுப்பு என்று மற்றவர்கள் முன்னால் சொல்லுங்கள், பிறகு நடுவில் கை வைக்காதீர்கள். வேலை கூடினால் அந்த மாதமே சம்பளத்தையும் கூட்டுங்கள். இப்படிப்பட்டவர்கள் கேட்டு வாங்கமாட்டார்கள். வருடக்கணக்கில் மற்றவர்களின் வேலையையும் இழுத்துச் செய்துவிட்டு, ஒரு நாள் பேசாமல் அடுத்த தெருக் கடையில் சேர்ந்துவிடுவார்கள்.